இடப்பக்கம்

மகள் கோகிலவாணி ஒன்பதாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாக நயினார் சொல்லியிருந்தார். வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாராவியிலிருந்து இரண்டு பேரும் செம்பூருக்குப் போனார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அப்பாவும் பதினைந்து வயது மகனும் வெளியே வரும்போது உடம்பு மாறிவிடுகிற இந்திப் படம். அப்பாவின் உடம்போடு மகன் ஆபீசுக்குப் போகிறான். மகனின் உடம்போடு அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதுகிறார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட வந்த பெரியவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தர் தூங்கிவிட்டார். பக்கத்து சீட்டு அம்மாள் போனில் காய்கறி ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள். நயினாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்குச் சலிப்பில்லை. பயம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், அப்பாவின் உடம்பில் இருந்த மகன் காரை எடுத்தான். ஓட்டத் தெரியாமல் ஒரு பழவண்டியில் இடித்தான், கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களைத் தெறித்து ஓடவைத்தான். அரங்கமே அதிர்ந்தது. நயினாரின் கால் இருட்டில் பிரேக்கைத் தேடி அழுத்தியது.

ஒன்பது வருஷமாக அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நாலைந்து மாதமாக இடப்பக்கம் சரியாகத் தெரியவில்லை. இருட்டு என்றும் சொல்ல முடியாது. அங்கே இருக்கிற ஆள், வண்டி, தூண் எதுவும் இல்லாததுபோல இருக்கும். தலையைத் திருப்பினால் திடீரென்று எதிரே நிற்கும். வீட்டில் மனைவி பேராச்சிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கோவண்டி நிறுத்தத்தில் ஸ்ரீலேகா என்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இறங்கினாள். கை தவறி உருண்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தாள். நயினார் பார்த்தார், யாரும் இல்லை, கியரைப் போட்டார். பிள்ளைகளை இறக்கிவிடுகிற சஃப்ரீன் பஸ்ஸின் மேல் இரண்டு கையாலும் அடித்துக் கத்தினாள். சக்கரம் ஒரு சாண் தூரத்தில் நின்றது. சைடு கண்ணாடி சரியில்லையா பாயி என்று சஃப்ரீன் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி அன்றைக்கே கண்ணாடியை மாற்றினார். பழைய கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

திரையில் அந்தப் பையன் இன்னும் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். கோகிலவாணி என் உடம்புக்குள் வந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்று நயினாருக்குத் தோன்றியது. நாளைக் காலை ஆறரைக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள்.

படம் முடிந்து ரோட்டைக் கடந்தபோது கோகிலவாணி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இடப்பக்கமிருந்து வந்த ஆட்டோ வேட்டியை உரசிக்கொண்டு போனது. ஆட்டோக்காரன் திட்டியது பிறகுதான் காதில் விழுந்தது.

"எப்பா, ஆட்டோ ஒங்களுக்குத் தெரியலையா?"

கவனிக்கவில்லை என்றார். அவள் நம்பவில்லை. எதிர்ப்புறம் போனதும் ஒரு கடைச் சுவரோரமாக அவரை நிறுத்தி, அவருக்கு இடப்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"நேரா பாருங்க. திரும்பக் கூடாது. இப்ப என் கையில எத்தன வெரல்?"

"எந்தக் கை?" என்றார் நயினார்.

அவள் கையை இறக்கினாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னார். செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஓட்டாதீங்கப்பா."

"ஓட்டலேன்னா வேற என்ன வேல தெரியும் எனக்கு?"

"தெரியலப்பா. ஓட்டாதீங்க."

வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று அங்கேயே நின்று பஸ் முதலாளி பஞ்சுவுக்குப் போன் போட்டார். மாட்டுங்காவில் இருக்கிற பஞ்சு கோபக்காரர். நயினார் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடு என்று மட்டும் பஞ்சு சொல்லி வைத்துவிட்டார்.

சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, சொட்டு மருந்து விட்டுவந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பேராச்சி சண்டை போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பஞ்சு கூப்பிட்டனுப்பி, தேவ்நாரில் பஸ்கள் நிற்கிற இடத்தில் வண்டி கழுவுகிற வேலை கொடுத்தார். சம்பளம் பாதிதான். சஃப்ரீன் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. தெரிந்தேதானே ஓட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றார். பிறகு அவள் காலையில் அவரைப் பார்த்தால் தலையாட்டத் தொடங்கினாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். தலையை ஒரு பெட்டிக்குள் வைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். புள்ளி வராத நொடிகளை நயினார் மனசுக்குள் எண்ணினார். வலது கண் அப்படியே இருக்கிறது, குறையவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

வெளியே மருந்து வரிசையில் நின்றிருந்த கோகிலவாணியிடம் வந்து சொன்னார். மூன்று மாதமாக வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள், ஒருநாளும் கலங்காதவள், மருந்துச் சீட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே அழுதாள். வரிசை நகர்ந்தது. நயினார் அவள் தோளைப் பிடித்து மெல்ல முன்னால் நடத்தினார்.