அம்பலத்தின் அம்பு

மானகிரிக்குத் தெற்கே வேலங்குளத்தில், விஜயதசமி அன்று சாமி குதிரை ஏறி மகர்நோன்புப் பொட்டலுக்கு வரும். ஊர்த் தலைவரான அம்பலம் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு, சாமிக்காக வில்லை வாங்கி, அசுரன் மேல் முதல் அம்பை விடுவார். அசுரன் என்பது ஒரு வாழைமரம். நட்டு வைத்த வாழை ஓடாது, ஒளியாது, பதிலுக்கு அடிக்காது. அப்படியிருந்தும் அறுபத்தாறாம் வருஷம் செம்மலை அம்பலம் விட்ட அம்பு, தவில்காரர் வயிற்றுக்கு முன்னால் இருந்த தவிலைக் கிழித்துக்கொண்டு நின்றது.

ஊர் சிரித்தது. ஆண்கள் சிரித்ததை அம்பலம் பொறுத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததுதான் உள்ளே இறங்கியது. "சாமிக்குத் தவிலுக்குள்ளதான் அசுரன் தெரிஞ்சிருக்கான்" என்று பூசாரி ஞானசம்பந்தம் சமாளித்துப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் உடையப்பன் எழுந்தார். செம்மலைக்குச் சித்தப்பா மகன். வயதில் அண்ணன், ஆனால் இளையவர் வழியில் பிறந்ததால் அம்பலப் பட்டம் கிடைக்காதவர். பிறந்ததிலிருந்து அந்த ஒரு அநியாயத்தை மட்டுமே சாப்பிட்டு வளர்ந்தவர்.

"முதல் அம்பு விடுற கை, உசுருள்ள எதையாச்சும் அடிச்ச கையா இருக்கணும்ல? நம்ம தாத்தா மான் அடிச்சாரு. தம்பி எதை அடிச்சாக? தவிலை அடிச்சாக. அதுக்குத்தான் தவில்காரர் இருக்காரே!"

ஊர்க்கூட்டம் கூடித் தீர்ப்புச் சொன்னது: அடுத்த விஜயதசமிக்குள் இரண்டு பேரில் யார் அம்பால் மானை வீழ்த்துகிறாரோ அவருக்கே முதல் அம்பு. வாழையை அடிக்க மானை ஏன் கொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி கூடாது என்றார்கள். அம்பலத்தின் இரட்டைக்குழல் எப்படியும் போன தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டு அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் கையில் இருந்தது. பழகிப் பார்க்கிறவன் பரம்பரை இல்லாதவன் என்பது அம்பலத்தின் கொள்கை. உடையப்பனுக்கும் அதே தாத்தாதான், அதே கொள்கைதான். ஆகவே மறு புரட்டாசி பாதி கழியும் வரை இரண்டு பேரும் வில்லைத் தொடவில்லை.

அதற்குள் கண்மாய் வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. முள்ளுக்காட்டுப் புள்ளிமான்கள் விடியலில் அங்கேதான் தண்ணீருக்கு வரும். குட்டைக்கு மேற்கே நின்ற மருதமரத்தில், அம்பலத்தின் ஆள் இருளாண்டி ஒரு கயிற்றுக் கட்டிலை ஏற்றி, இரண்டு ஆள் உயரத்தில் பரண் கட்டினான். அங்கிருந்து செருப்பைக் கழற்றி எறிந்தாலே மான் மேல் விழும்.

மறுநாள் கிழக்கு மருதத்தில் உடையப்பனின் பரண் தெரிந்தது. ஒரு முழம் உயரம் கூடுதல்.

"என்னடா இது? அவுக மேல, நான் கீழயா?" என்றார் அம்பலம்.

"அது மான் பார்க்குற பரண்தானேய்யா" என்றான் இருளாண்டி.

"நான் மானைப் பார்க்குறது இருக்கட்டும்டா. மான் என்னைய எந்த உசரத்துல பார்க்கும்?"

இருளாண்டிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அவுக ஒத்த ஏணி போட்டிருக்காகய்யா. நாம ரெண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டுவோம்."

அம்பலத்தின் கட்டில் ஒரு கிளை ஏறியது. உடையப்பனின் கட்டில் இரண்டு கிளை ஏறியது. அந்த வாரம் முழுதும் கட்டில்கள் மாறி மாறி ஏறின. கடைசியில் கை மொத்தமே உள்ள கிளைகளில், காற்றடித்தால் தொட்டில் போல ஆடிக்கொண்டு, இரண்டு பரணும் உச்சியில் நின்றன. அமராவதிபுதூர் ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள், யாரோ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து கட்டிலை மரத்தில் காயப்போட்டிருப்பதாக நினைத்தார்கள்.

விஜயதசமிக்கு ஐந்தாறு நாள் இருக்கையில், இருள் பிரியும் நேரத்தில் இரண்டு பேரும் ஏறினார்கள். அம்பலம் பட்டு வேட்டி கட்டி, பரிவட்டத்தோடு ஏறினார். உடையப்பனின் தலையிலும் ஒரு பரிவட்டம் இருந்தது. அதை யார் கட்டிவிட்டார்கள் என்று அவரே சொல்ல மறுத்தார். கீழே முட்புதரில் இருளாண்டி ஆட்கள் ஒருபுறமும், உடையப்பனின் ஆள் சோணை கூட்டம் மறுபுறமும் அரிவாளோடு குந்தியிருந்தார்கள். விழுந்த மானை முதலில் தொடுவது அவர்கள் வேலை.

"என்னண்ணே, கட்டில் தாங்குதா?" என்று அம்பலம் இலைகளுக்கு ஊடே குரல் கொடுத்தார்.

"தாங்குது தம்பி. ஒனக்குத் தவில்காரரைக் கூப்பிட்டு வரச் சொல்லவா? எதை அடிக்கிறதுன்னு தெரியாம முழிப்பியே."

மான்கள் வந்தன. முன்னால் கொம்புக்கடா, பின்னால் நாலைந்து பிணைமான்கள். கடா நின்று, மூக்கைத் தூக்கி, குட்டையில் வாயை வைத்தது. உச்சியிலிருந்து பார்த்தால் அது ஒரு வெள்ளாட்டுக்குட்டி அளவுதான் இருந்தது.

"முதல் அம்பு எனக்கு!" என்று அம்பலம் முறைப்படி கத்தினார்.

கத்தியவுடன் மான்கள் பாய்ந்தன. இரண்டு வில்லும் ஒரே நேரத்தில் விட்டன. இரண்டு அம்பும் பறந்தன. ஒன்று கடாவின் அடிவயிற்றில் ஏறியது. இன்னொன்று ஒரு பிணையின் காதைக் கிழித்துச் சேற்றில் செருகியது. வயிற்றில் பட்ட அம்பு யாருடையது என்று அம்பு விட்டவர்களுக்கே தெரியாது; இரண்டு பேரும் விடும்போது கண்ணை மூடியிருந்தார்கள்.

கடா கத்தியது. மான் அப்படிக் கத்தும் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மனுஷக் குரல் போலவே இருந்தது. முள்ளில் பாய்ந்து, அம்புத்தண்டு கருவேலில் மாட்டி, குடல் வெளியே வந்து, தன் குடலிலேயே பின்னங்கால் சிக்கி விழுந்தது. இருளாண்டி ஓடிப்போய்க் கொம்பைப் பிடித்தான். சோணை பின்னங்காலைப் பிடித்தான். உயிர் போகாத மானை இரண்டு கூட்டமும் தேர்வடம் போல இழுத்தார்கள்.

"எங்க அய்யா அம்புடா!"

"ஒங்க அய்யா அம்பு தவிலுக்குள்ள கெடக்குடா! இது எங்க அய்யா அம்பு!"

அம்பில் அடையாளம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆசாரிதான் செய்து கொடுத்திருந்தார். மயில் இறகும் ஒரே மயிலுடையது. சோணை அம்பைப் பிடுங்கி ஒளிக்கப் பார்த்தான். அம்போடு கூட ஈரலும் வந்தது. இருளாண்டி விடவில்லை. சோணையின் அரிவாள் இறங்கியதில் இருளாண்டியின் மூன்று விரல் கொம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன்பிறகு மானை யாரும் கவனிக்கவில்லை. இருளாண்டி ஆட்கள் அம்பலத்தின் ஏணியைத் தடியாக உருவினார்கள். உடையப்பன் ஆட்கள் தங்கள் ஏணியை உருவினார்கள். மண்டைகள் தேங்காய் போலப் பிளந்தன. குட்டைத் தண்ணீர் செங்காவியானது.

ஏணி போனதால் இரண்டு தலைவர்களும் உச்சியிலேயே நின்றார்கள்.

"அண்ணே, நான் அடிச்சது அது! ஒத்துக்கங்க!"

"நீயா? ஒன் அப்பன் வாழைமரத்தை அடிச்சானா? ஒன் பரம்பரைக்கே கண்ணு கெடையாதுடா!"

அம்பலம் அம்பைத் தொடுத்தார். அது ஒரு காக்கைக் கூட்டைக் கலைத்தது. உடையப்பன் விட்டது அம்பலத்தின் கட்டில் காலில் தைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அம்பலத்துக்குக் கை பழகிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை கண்ணையும் திறந்து வைத்திருந்தார். அம்பு பசும் இலைகளுக்குள் நுழைந்து உடையப்பனின் தொப்புளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

உடையப்பன் தன் வயிற்றை ஆச்சரியத்தோடு பார்த்தார். பிறகு கட்டில், கிளை, பரிவட்டம் எல்லாவற்றோடும் கீழே வந்தார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் சப்-இன்ஸ்பெக்டர் கட்டிலருகே நின்று கேட்டார்: "யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல. நானே தவறி விழுந்தேன். அம்பு மேலேயே விழுந்தேன்" என்றார் உடையப்பன். இடுப்பு நொறுங்கி, வயிறு தைக்கப்பட்டுக் கிடந்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

போலீஸ் போனதும் அவர் மனைவி கல்யாணசுந்தரி அழுதாள். "ஏன் அப்படிச் சொன்னீக? தம்பிதானே அடிச்சாக?"

"அவன் அடிச்சான்னு எழுதிட்டா, அவனுக்கு அம்பு விடத் தெரியும்னு ஆயிரும்ல?"

வாசலில் நின்ற அம்பலத்துக்கு இது கேட்டது. "பொய்! நான் குறி பார்த்து விட்டேன்!" என்று போலீஸ் ஜீப்பை நோக்கிக் கிளம்பியவரை, கையில் கட்டோடு இருளாண்டி தடுத்தான். "ஜெயிலுக்குப் போனா அம்பு யாருய்யா விடுவா?" அம்பலம் வாயை மூடிக்கொண்டார். அவர் செய்த ஒரே தியாகம் அது.

அன்று சாயங்காலம் பூசாரி வந்து, அம்பலத்தின் காதில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிஷத்திலிருந்து அம்பலம் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. இளநீர் வரவழைத்தார். ஊரிலுள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டார். டாக்டர் காலைத் தொடப் போனார். "எங்க அண்ணனைக் காப்பாத்துங்க. ஒரு வாரம் இருந்தாப் போதும்." இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நர்ஸ்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

ஆயுத பூஜை அன்று உடையப்பன் கண் விழித்தார். வெளியே விம்மல் கேட்டது.

"அவன் எதுக்குடி அழுவுறான்?"

"நீங்க போயிட்டாப் பங்காளித் தீட்டாம். காரியம் முடியிற வரைக்கும் அவுக கோயில் வில்லைத் தொடக்கூடாதாம். பூசாரி சொல்லிட்டாரு. அதான்."

உடையப்பன் முகத்தில், பிறந்ததிலிருந்து யாரும் பார்க்காத ஒரு நிம்மதி வந்தது.

"விசயதசமி நாளைக்கா?"

"நாளைக்குத்தான். டாக்டர் நீங்க பொழைச்சிருவீகன்னு சொல்லுறாரு. அம்பும் வேணாம், மரியாதையும் வேணாம். நமக்குப் புள்ளையும் இல்லை. எனக்கு நீங்க மட்டும் வேணும்."

"புள்ளை இல்லைல்ல? அப்பக் கொள்ளியும் அவன்தான் வைக்கணும்" என்றார் அவர், கணக்குச் சரியாக வந்த ஆள் போல. "நாக்கு வறளுது. ஒரு வாய் காப்பி வாங்கிட்டு வா."

அவள் காப்பி டம்ளரோடு திரும்பியபோது கட்டிலின் கீழே ரத்தம் வாசல்வரை ஓடியிருந்தது. கட்டெல்லாம் பிரிந்து கிடந்தது. தையலை விரலாலேயே அறுத்திருந்தார். வலது கை முழங்கை வரை சிவப்பாக இருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

கல்யாணசுந்தரி டம்ளரைக் கீழே வைத்தாள். வராந்தாவுக்கு வந்தாள். அம்பலம் இளநீரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அண்ணன் ஜெயிச்சிட்டாக. எந்திரிங்க தம்பி, போயித் தலை முழுகுங்க."

மறுநாள் பிற்பகல் சுடுகாட்டுக் கரையில் அம்பலம் குந்தியிருந்தார். கொள்ளி வைக்கிறவருக்குரியபடி தலை மழித்தாயிற்று. நாவிதர் சின்னக்கண்ணு மீசைக்கு நீர் தடவினார். பொட்டல் பக்கமிருந்து அதிர்வேட்டும் தவிலும் கேட்டன. தவிலுக்குப் புதுத் தோல்; நன்றாகவே பேசியது.

"யாருடா அம்பு விட்டது?"

"பூசாரிதாங்கய்யா. பொட்டல்ல இருந்து வந்தவுக சொன்னாக."

"பட்டுச்சா?"

"நடுத்தண்டுல எறங்கிருச்சாம். ஊரே கைதட்டுச்சாம்."

அம்பலத்தின் மேலுதடு துடித்தது.

"ஆடாதீகய்யா" என்றார் சின்னக்கண்ணு. "கத்தி பட்டுரும்."