சின்ன சிலிண்டர் போதும்

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பழைய கல்குவாரியில் தேங்கிய தண்ணீர்தான் ஊருக்குக் குடிதண்ணீர். அதை இறைக்கும் மோட்டார் கயிறு அறுந்து அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்துத் தர வந்தவர் ராஜபாண்டியன்; தூத்துக்குடியில் கடலடி வேலை எடுத்துச் செய்யும் கம்பெனிக்காரர். கூடவே முங்கு வேலை பழகும் இசைவாணியையும் கூட்டி வந்திருந்தார். கொக்கியை மாட்டி மோட்டாரை மேலேற்றிவிட்டால் அவளுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடியும் பட்டாசு ஆலைதான்.

காலையில் கோட்டை விட்டாள். மூச்சுக்காற்று அடைத்த பெரிய சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கியவள், கொக்கி மோட்டாரைத் தொடுமுன்னே காற்றளவு காட்டும் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூட இறங்கிய ராஜபாண்டியன் மேலே போகச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார். கரையில் ஊரே நின்றது. அவமானம் பிடுங்கித் தின்றது.

ஈரத்துணியோடு பாறையில் உட்கார்ந்து யோசித்தாள். ஆலையில் சரவெடி பின்னும்போது கை பறக்க வேண்டும், பறந்தால்தான் கூலி. அதே பறப்பைத் தண்ணீருக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறாள். பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப்போல இரண்டு பங்கு காற்றைத் தின்னும். அங்கே போய் நாய்போல இரைத்தால் எந்தச் சிலிண்டர் தாங்கும்? போதாக்குறைக்கு அந்தப் பெரிய இரும்பு, அவள் ஒடிசலான உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து நிற்பதற்கே பாதிக் காற்று போயிற்று.

மத்தியானம் சின்ன சிலிண்டரைத் தூக்கினாள்.

"ஏம்மா, பெருசே பத்தலை. இதை வச்சு என்ன செய்யப்போற?" என்றார் ஊர்ப் பெரியவர் சங்கரலிங்கம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யோசிச்சுத்தான் எடுக்கியா?" என்றார் ராஜபாண்டியன்.

"ஆமா அண்ணாச்சி. காத்துப் பத்தாம இல்ல, நான் பறந்ததுதான் தப்பு. இப்ப மருந்து செலுத்துற ரூமுக்குப் போற மாதிரி போகப்போறேன். முள்ளு கோட்டைத் தொட்டா நானே மேல வந்துருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே தன் சிலிண்டரை மாட்டினார்.

வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். எதையும் இழுக்க மாட்டார்கள், எதையும் கீழே போட மாட்டார்கள். அங்கே அவசரப்பட்டால் உயிர் போய்விடும். இசைவாணி அப்படித்தான் இறங்கினாள். காலை உதைக்கவில்லை, அதனால் சேறு கிளம்பவில்லை. மூச்சை மெல்ல இழுத்து, இன்னும் மெல்ல விட்டாள். காலையில் சேற்றுக் கலங்கலுக்குள் தேடிய மோட்டார் இப்போது கண்ணெதிரே தெளிவாகக் கிடந்தது. கொக்கியை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். இன்னும் பாதிக்கு மேலே இருந்தது! தண்ணீருக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொக்கியின் சங்கிலியைக் கரையிலிருந்து இழுக்க இழுக்க மோட்டார் சேறு வழிய மேலே வந்தது. ஊரே கத்தியது. சங்கரலிங்கம் தன் துண்டையே எடுத்து அவளுக்குத் தலை துவட்டக் கொடுத்தார்.

"திங்கக்கிழமை தூத்துக்குடிக்கு வந்துரு," என்றார் ராஜபாண்டியன். "இனி நீ நம்ம கம்பெனி ஆளு."

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே செல்போன் அடித்தது. ஆலை மேஸ்திரி மாரிக்கண்ணன்.

"எங்கன இருக்க? நாளைக்குப் பெரிய லோடு போகுது, வெள்ளன வந்துரு."

"வரமாட்டேன் அண்ணே," என்றாள் இசைவாணி, குவாரி முழுக்கக் கேட்க. "நாளைக்கு மட்டுமில்ல, இனிமே வரவே மாட்டேன்!"