கொடி ஏறும் வரை

சட்டையை மேசைமேல் விரித்து, கஞ்சித் தண்ணீரைக் கையால் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். இது இருபத்தெட்டாவது சட்டை. இன்னும் நாற்பது கிடந்தன. தீவுக் கடற்படைத் தளத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. பெரிய ஆபீசர் முதல் காவல் மாலுமி வரை எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்காதான். நாளைக்கு ஆண்டு விழா அணிவகுப்பு. காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், மொத்தத் துணிக்கட்டையும் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்புவார்கள்.

சமையல்காரர் வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"அக்கா, பெட்டிய வச்சுட்டு வா. அண்ணன் கம்பத்துலேருந்து விழுந்துட்டாரு."

அவள் புருஷன் பெயின்டர். தளத்தில் வெள்ளையாக எது பளபளத்தாலும் அது அவன் கை. அன்று கொடிக்கம்பத்தின் உச்சிவரை பூசி முடித்து இறங்கும்போது கயிறு நழுவியிருக்கிறது.

மருத்துவ அறைக் கட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். மேலே ஒரு கீறல் இல்லை. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"என்னடி இப்படி வெளிறிப்போய் நிக்கற? கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல. டப்பாதான் கவுந்துடுச்சு."

"வாய மூடுங்க. இந்த நேரத்துலயும் கிண்டல் உங்களுக்கு."

அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகைபோல இறுகிக் கிடந்தது. கம்பவுண்டர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதும்மா. இங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு மணி நேரத்துல அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். படகு நிக்குது, நாப்பது நிமிஷத்துல போயிடலாம். போனா பொழச்சுக்குவாரு."

ஜீப்புகள் இருந்தன. ஆனால் நாலையும் கழுவித் துடைத்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்; விழா முடியும்வரை சக்கரத்தில் மண் படக்கூடாதாம். கம்பவுண்டர் முன்னாலும் சமையல்காரர் பின்னாலும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். படகுத்துறைக்கு முந்நூறு அடி இருக்கும், அணிவகுப்பு மைதானத்தின் ஓரமாகப் போகிற பாதை. புருஷனின் கையைப் பிடித்தபடி அவள் கூடவே ஓடினாள்.

நாற்பது அடி போயிருப்பார்கள். பியூகிள் ஒலித்தது.

கொடியேற்றத்துக்கு ஊதும் கொம்பு; விழாவுக்கான ஒத்திகை. கொடி ஏறும்போது தளத்தில் எவரும் அசையக்கூடாது; கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, கொடி உச்சியைத் தொடும்வரை விறைப்பாக நிற்க வேண்டும். படகும் நகராது. போன மாதம் சமையல்காரர் டீ ஆறிவிடுமே என்று நாலு அடி நடந்துவிட்டார். அதற்கு மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். இப்போது அவர்தான் முதலில் ஸ்ட்ரெச்சரைத் தரையில் இறக்கினார். கம்பவுண்டரும் குதிகால்களைச் சேர்த்தார்.

அவள் காலும் நின்றுவிட்டது. கை புருஷனின் விரல்களை விட்டுவிட்டுத் தொடையோடு ஒட்டிக்கொண்டது. பாழாய்ப்போன பழக்கம்! மனசு ஓடு ஓடு என்கிறது, உடம்பு கேட்கவில்லை.

கொடி ஆடி அசைந்து ஏறியது. உச்சிக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றது. ஈரம் காயாத பெயின்ட்டில் கயிறு ஒட்டிக்கொண்டது. அவன் பூசிய பெயின்ட்.

"இறக்கு! மறுபடியும் முதல்லேருந்து!" ஒத்திகையை நடத்திய ஆபீசரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"தூக்குங்கண்ணே, தூக்குங்க!" என்று பதறினாள். தூக்கினார்கள். அறுபது அடி. மறுபடியும் பியூகிள். மறுபடியும் ஸ்ட்ரெச்சர் தரையில்.

"அண்ணே, நிக்காதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"பார்த்துட்டாங்கன்னா தொலைஞ்சோம் அக்கா. ரெண்டே நிமிஷம்," என்றார் சமையல்காரர், உதட்டை அசைக்காமல். அவர் கன்னத்தில் வியர்வையா கண்ணீரா, ஏதோ வழிந்தது.

அவளைத்தான் யார் பிடித்து வைத்திருந்தார்கள்? குனிந்து அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். தனக்கும் புருஷனுக்கும் வேலை போய்விடும், வீடும் தளத்து வீடு, பிள்ளைகளோடு எங்கே போவது என்று பயம் முந்திக்கொண்டது. அவள் நின்றாள். கீழேயிருந்து, "தண்ணி..." என்று மெல்லக் கேட்டது. அப்போதும் நின்றாள்.

இரண்டாம் முறையும் கயிறு ஒட்டி, கொடியை இறக்கினார்கள்; மூன்றாம் முறை கொடி பாதியிலேயே மாட்டியது. யாரோ ஏணி கொண்டுவந்து கயிற்றுக்கு எண்ணெய் தடவினார்கள். தடவி முடிக்கும்வரை வெகுநேரம் கொடி பாதியில் நின்றது; இவர்களும் அசையாமல் நின்றார்கள். நான்காம் முறை பியூகிள் ஒலித்தபோது படகின் இன்ஜின் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. துறைக்கு ஐம்பது அடிகூட இல்லை. கொடி ஒரே சீராக ஏறி உச்சியைத் தொட்டு விரிந்தது. "சபாஷ்!" என்றார் ஆபீசர்.

கம்பவுண்டர் பாய்ந்து குனிந்தார். ஸ்ட்ரெச்சரின் பிடியைத் தொட்ட கையை எடுத்து புருஷனின் கழுத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

அவள் மண்ணில் உட்கார்ந்தாள். "என்னங்க... இந்தாங்க, படகுத்துறை வந்துருச்சு. இங்க பாருங்க." கையை எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட்.

ஆபீசர் வேகமாக நடந்து வந்தார்.

"என்ன இது? நோயாளிய வச்சுக்கிட்டு எதுக்குய்யா நின்னீங்க? அவசரம்னா நிக்க வேண்டியதில்லன்னு விதியிலயே இருக்கே. யாரு உங்கள நிக்கச் சொன்னது?"

சமையல்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "யாரும் சொல்லலைங்க ஐயா."

"அறிவு வேண்டாம்? போய்ச் சேர்ந்துட்டான் பாரு..."

அவர் முடிக்கவில்லை. மைதானத்தில் எவனோ, "நல்லா வந்துச்சு, இதே மாதிரி இன்னொரு தடவ!" என்று கத்தினான். பியூகிள் ஒலித்தது. ஆபீசர் சட்டென்று கொடியின் பக்கம் திரும்பி, கையை நெற்றிக்கு உயர்த்தி, அசையாமல் நின்றார். கம்பவுண்டரும் சமையல்காரரும் நின்றார்கள். படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

இஸ்திரி அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. புருஷனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.