நான்கு மணிப் பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு சந்தையே கூடியிருந்தது. வலது மூலையில் முடி கொட்டுவதற்கு எண்ணெய். இடது மூலையில் யாரோ ஒரு பெண், 'உங்களோடு பேச ஆசை' என்று கண்ணடித்தாள். நடுவில், 'உங்கள் கம்ப்யூட்டரில் பதினேழு வைரஸ்!' என்று சிவப்பு எழுத்தில் ஓர் அலறல். எதைத் தேடினாலும் தேடியதைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தது.

வரவழைத்தது அவளேதான். கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. பேசுகிறவர்கள் மூச்சுவிடாமல் பேசுகிறார்களே, குரலைக் கொஞ்சம் மெதுவாக்கலாமே என்று இணையத்தில் எங்கோ கிடந்த ஓர் இலவசச் சாமானை இறக்கினாள். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'சரி, சரி, சரி' என்று அமுக்கித் தள்ளினாள். கூட்டத்தில் ஒருவர் தும்மினால்கூட விடாமல் எழுதுகிற மகராசி, தன் மூக்குக்கு எதிரே கட்டம் கட்டிக் கேட்டதை மட்டும் படிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில், ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். எப்போது பேசினாலும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருப்பான்.

"இருபது நிமிஷம்தான்க்கா. பொண்ணை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போகணும். முதல்ல நீ இறக்கினதைத் தூக்கு. தூக்கிட்டியா? இப்போ பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திற, அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற குட்டிச் சாமானெல்லாம் தெரியும். ஒவ்வொண்ணா படி."

"'கூப்பன் குருவி'."

"எடு."

"'தேடல் தோழன்'."

"அவன்தான் திருடன். நீ ஒண்ணு தேடினா அவன் வேற எங்கேயோ இழுத்துட்டுப் போவான். எடு."

"'வானிலை உடனுக்குடன்'. இது நல்லதுதானேடா?"

"ஜன்னலைத் திறந்து பாரு, வானிலை தெரியும். எடுக்கா."

எடுத்தாள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. படம் இல்லை, சாம்பல் நிறக் கட்டத்துக்குள் ஒற்றை எழுத்து.

"'சோதனை ஒன்று'னு ஒண்ணு இருக்குடா."

"யாரு போட்டதுன்னு எழுதியிருக்கா?"

"ஒண்ணுமே எழுதல. பிரவுசர் கடையிலேர்ந்து வந்ததில்லைன்னு மட்டும் இருக்கு."

"அப்போ அதுதான்க்கா எல்லாத்துலயும் மோசம். பேரு ஊரு தெரியாதது. நீ பார்க்கிற பக்கத்துல எல்லாம் மூக்கை நுழைக்க அதுக்கு அனுமதி இருக்கா பாரு."

"இருக்கு."

"பார்த்தியா? தூக்கிப் போடு."

'நீக்கவா?' என்று பெட்டி கேட்டது. 'நீக்கு' என்று அமுக்கினாள். பிறகு, அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றிருந்த பதினோரு தளங்களையும் தம்பி ஒவ்வொன்றாகத் தடை செய்ய வைத்தான்.

"இனிமே எது கேட்டாலும் படிச்சுப் பார்த்துட்டு அமுக்கு. இலவசம்னு எது வந்தாலும் ஓடிடு. சரியா?"

"சரி."

"வச்சிடறேன்க்கா, லேட்டாச்சு." சாப்பிட்டாயா என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை திரை துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது. வேலை மளமளவென்று ஓடியது. காதுக்குள் எட்டுப் பேர் ஏதோ கட்டடத்தின் குடிநீர்க் குழாயைப் பற்றி விடாமல் சண்டை போட்டார்கள்; அவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமும். நடுவில் ஒருமுறை, அந்தக் கண்ணடிக்கும் பெண்ணைக்கூடக் காணோமே என்று நினைத்து, தன் நினைப்புக்குத் தானே தலையில் தட்டிக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தபோது இடது கால் தரையில் ஊன்றவில்லை. மரத்துக் கட்டையாகியிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

நான்கு மணிப் பெட்டி வரவில்லை.

 ஞாயிற்றுக்கிழமை தான் எதை நீக்கினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெட்டி வந்த கதை இதுதான். பதினாறு மாதத்துக்கு முன்னால், உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்குக் கால் வீங்கியது. சாயங்காலம் ஒருமுறையாவது எழுந்து நடக்காவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு மணிக்குப் போன் செய்து எழுப்பலாம் என்றால், லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. மனுஷர் விடவில்லை. மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, கணினி மொழியை முட்டிமோதிக் கற்று, அவள் பிரவுசருக்குள் எதையோ செருகினார். எங்கே, எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

"நான் குழிக்குள்ள கிடந்தாலும் நாலு மணிக்கு டாண்ணு வந்து நிப்பேன். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு" என்றார்.

அப்படியே வந்தார். திரையின் நடுவில் ஒரு பெட்டி; அதில் ஒரு வரி; கீழே 'எழுந்துட்டேன்' என்று ஒரே ஒரு பொத்தான். வந்த வரி திரும்ப வராது. 'ராணியம்மா, சிம்மாசனத்தை விட்டு இறங்குங்க.' 'ஜன்னல் வரைக்கும் போயிட்டு வா, யார் வீட்டுத் துணி காயுதுன்னு பார்த்துச் சொல்லு.' அவள் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்குவாள். எழுந்திருக்க மாட்டாள். விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடருவாள். பாதி நாள் இந்த ஏமாற்று வேலைதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஓடாத லிஃப்டைப் பார்க்க ஐந்தாவது மாடிக்குப் படியேறும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. நாலாவது மாடியைத் தாண்டவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். நாலு மணிக்குப் பெட்டி வந்தது. 'நீ டீ போட்டுக் குடி. நான் வர லேட்டாகும்.'

அன்று அவள் அழுத அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நாலு மணிக்காகவே உட்கார ஆரம்பித்தாள். அவர் போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நாலு மணிக்கு மட்டும் அவர் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள். தம்பியிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை இரவு இரண்டு முறை அவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவனே பேசினான். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். 

"அக்கா, அது அத்தான் எழுதினதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்..."

"உன்னைக் குத்தம் சொல்லலடா. அது திரும்ப வருமா வராதா, அதைச் சொல்லு."

"இரு, இரு. கடையிலேர்ந்து வராததுன்னா அவரே ஒரு ஃபோல்டர்ல வச்சிருப்பார். நீ எடுத்தது பட்டியல்லேர்ந்துதான். ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும். அதுல வந்த வரி ஏதாவது அப்படியே ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? அவள் தொழிலே அதுதானே. சனிக்கிழமை வந்த வரியைச் சொன்னாள்: 'முதுகை நிமிர்த்து, கேள்விக்குறி மாதிரி உட்காராதே.' தேடும் கட்டத்தில் அதையே அடித்தாள். 'லிஃப்ட் கையேடுகள்' என்ற ஃபோல்டருக்குள், 'சோதனை ஒன்று' என்ற ஃபோல்டருக்குள், ஒரே ஒரு கோப்பில் அது மாட்டியது.

 தன் திரையைத் தம்பி பார்க்கும்படி செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் பார்க்க மாட்டேன். வராததையெல்லாம் இப்பவே படிச்சுட்டா அப்புறம் என்ன இருக்கு? நீ பார்த்துச் சொல்லு."

"மொத்தம் நானூத்திப் பதினொரு வரி. அடேயப்பா! சனிக்கிழமை வந்தது முந்நூத்தி அறுபத்திரண்டு." கொஞ்சம் தயங்கினான். "ஒரு விஷயம்க்கா. எதுவரைக்கும் வந்துதுங்கிற கணக்கு, எடுத்தப்போ அழிஞ்சு போச்சு. அப்படியே மறுபடி போட்டா முதல் வரியிலேர்ந்து வரும். அதுவும் நல்லதுதான், இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஓடும். இல்லன்னா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி கணக்கை மட்டும் மாத்தித் தரேன். ஆனா அப்படின்னா நாப்பத்தி ஒன்பதுதான் மிச்சம்."

"அது முடிஞ்சா?"

தம்பி கோப்பின் கடைசி வரை போய்ப் பார்த்தான். "அதுக்கு அவர் ஒண்ணுமே எழுதல. பட்டியல் தீர்ந்தா என்ன பண்ணணும்னு எங்கேயும் இல்ல. அதுக்குள்ள இன்னும் எழுதிச் சேர்த்துடலாம்னு நினைச்சிருப்பார்க்கா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர் வீட்டில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து சுத்துற மாதிரி நான் ஒரு வரி சேர்த்துடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். அவர் எழுதினதுல கை வைக்காதே. விட்ட இடத்துலேர்ந்தே வரட்டும். பழைய பேச்சையே அவர் திரும்பத் திரும்பப் பேசினா, அவர் போயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அவனுக்கு எங்கேயும் கிளம்ப வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை பிரவுசரைத் திறந்ததும் ஓர் எச்சரிக்கை வந்தது: 'கடையிலிருந்து வராத எக்ஸ்டென்ஷன் ஒன்று இயங்குகிறது. இது உங்களுக்குத் தீங்கு செய்யலாம். நிறுத்தவா?' இந்த முறை அவள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். 'வேண்டாம்' என்று அமுக்கினாள். இனி தினமும் அது கேட்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். கேட்கட்டும்.

மூன்றரைக்கே அவளுக்கு வேலை ஓடவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். தலையைக்கூட வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது.

'பொத்தானை மட்டும் அமுக்கிட்டு உட்கார்ந்தே இருக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இன்னைக்காவது நிஜமா எழுந்திரு.'

அவள் பொத்தானைத் தொடவில்லை. முதலில் எழுந்தாள். மேஜையை விட்டு இரண்டடி தள்ளி, முதுகை நிமிர்த்தி, அறையின் நடுவில் நின்றாள்.

"எழுந்துட்டேங்க" என்றாள், சத்தமாக.

கேட்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்து பொத்தானை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. இன்னும் நாற்பத்தெட்டு.