மூன்று சுரத்தில் தொடங்கிய கச்சேரி

மாமியார் வந்து தங்கிய மூன்றாவது வாரத்தில் லிஃப்ட் மெக்கானிக் பால்கனியில் ஒரு வாத்தியம் செய்ய ஆரம்பித்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை.

உண்மையில் மாமியார்மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர் அந்த அம்மாள். அநாவசியமாக ஓர் எழுத்து அடித்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. மெக்கானிக்கும் அதே ரகம். “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” “ஆச்சு அத்தை.” இதற்குமேல் இருவருக்கும் விஷயம் கிடைக்காமல், ஒருவர் டிவியையும் மற்றவர் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாத்தியப் பைத்தியம் பிடித்தது ஒரு ஹோட்டலில். லிஃப்ட் கதவைச் சரிசெய்யப் போனவர், வரவேற்பறையில் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் அகலமும் மறு பக்கம் குறுகலுமாக ஒரு மரப்பெட்டி, அதன்மேல் நெருக்கமாகக் கம்பிகள், கையில் இரண்டு மெல்லிய மரச்சுத்திகள். தட்டத் தட்ட, கண்ணாடி வளையல்கள் படிக்கட்டில் உருண்டு இறங்குவதுபோல ஒரு சத்தம்.

“இது சந்தூர்தானே சார்?” என்று கேட்டார்.

“டல்சிமர். சந்தூருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்னு வச்சுக்குங்க.”

அன்று லிஃப்ட் கதவைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. வீட்டுக்கு வந்து, இணையத்தில் வரைபடம் தேடி எடுத்துப் பலகை வாங்கிவிட்டார்.

முதல் டல்சிமர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெடித்தது. நாற்பதாவது கம்பியை முறுக்கியபோது சட்டத்தின் மூலை விட்டுப்போய், பெட்டி வாயைப் பிளந்துகொண்டது. ஹாலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் கத்தியோடு ஓடி வந்தார்.

“அடி கிடி பட்டுச்சா மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை. கம்பி இழுத்துடுச்சு.”

“ஒரு கம்பி எவ்வளவு இழுக்கும்?”

“பத்து கிலோ இருக்கும்.”

“எத்தனை கம்பி?”

“அறுபது.”

மாமியார் ஒரு கணம் யோசித்தார். “அறுநூறு கிலோ. எட்டு பேர் ஏறுற லிஃப்ட்டை இந்த அட்டைப்பெட்டியில கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க.”

சொல்லிவிட்டு பீன்ஸ் பக்கம் போய்விட்டார். எடையும் இழுவையுமே பிழைப்பாகக் கொண்ட மெக்கானிக்குக் காது சிவந்துவிட்டது.

இரண்டாவதை ஒழுங்காகச் செய்தார். இரண்டு ஓரத்திலும் கெட்டி மரத்தில் கை அகலக் கட்டைகள் வைத்து, முறுக்காணிகள் நழுவாதபடி துளைகளைச் சற்றுச் சாய்த்துப் போட்டார். மேற்பலகையை மட்டும் மெல்லியதாக விட்டார். அது அதிர்ந்தால்தானே சத்தம். கம்பிகளைத் தாங்கும் குதிரைகள் இரண்டு. இடது குதிரையை வைப்பதுதான் கஷ்டம். வலப்பக்கம் மூன்று பங்கு, இடப்பக்கம் இரண்டு பங்கு என்று அது கம்பியைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் வலப்பக்கம் தட்டினால் ‘ச’, அதே கம்பியை இடப்பக்கம் தட்டினால் ‘ப’. ஒரு நூல் தள்ளியிருந்தாலும் ‘ப’ அழுதுவிடும். பென்சிலை வைத்துக் குதிரையைத் தட்டித் தட்டி நகர்த்தியே ஒரு வாரம் போனது.

சுருதி சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் இரட்டைக் கம்பி. இரண்டும் ஒட்டாவிட்டால் ‘வாவ் வாவ்’ என்று அலை எழும்பும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, ஒட்டியதும் நின்றுவிடும். மோட்டார் இரைச்சலுக்கு நடுவே தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடிக்கும் காதுக்கு அது பெரிய காரியமில்லை.

வாசிப்பதுதான் வரவில்லை. வலது கை கிளம்பினால் இடது கையும் கூடவே கிளம்பியது.

“ஆணி அடிக்கிறீங்களா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

ஒரு நாள் உதிரிபாகம் வராததால் மத்தியானமே வீடு திரும்பினார். மாடிப்படி ஏறும்போதே பாட்டுக் கேட்டது. சீராக, துளிப் பிசகில்லாமல், வலது இடது வலது இடது என்று சுரங்கள் ஓடின. கதவைத் திறந்தார். மாமியார் சுத்திகளை அவசரமாகக் காய்கறித் தட்டுக்குள் மறைத்தார்.

“தூசி தட்டிட்டிருந்தேன் மாப்பிள்ளை.”

“எந்த ராகத்துல தட்டினீங்க அத்தை?”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். தட்டச்சில் பழகிய கை, இரண்டு மாதமாகத் தினமும் பகலில் ரகசியமாகப் பழகியிருக்கிறது. அன்றிலிருந்து சுருதி மாப்பிள்ளைக்கு, சுத்தி மாமியாருக்கு என்று ஆனது.

மனைவி வேலை பார்த்த கண் மருத்துவமனையின் பத்தாம் ஆண்டு விழாவில் வாசிக்க அவள்தான் இவர்களை மாட்டிவிட்டாள். விழா புல்வெளியில். காலையிலேயே போய், மேடை நிழலில் கச்சிதமாகச் சுருதி சேர்த்தாயிற்று. பிறகு பேச்சு ஆரம்பமானது. ஐந்து பேர் பேசினார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். அதற்குள் வெயில் மேடைமேல் ஏறி டல்சிமரைச் சுட்டது.

மாமியார் உட்கார்ந்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார். முகம் மாறியது. கம்பிகளெல்லாம் சூட்டில் தளர்ந்து, ஆளுக்கொரு திசையில் போயிருந்தன.

“எவ்வளவு நேரம் ஆகும்?” மெதுவாகக் கேட்டார்.

“முக்கால் மணி நேரம் அத்தை.”

எதிரே இருநூறு பேர். பின்வரிசையில் நாற்காலிகள் நகர ஆரம்பித்திருந்தன.

“இப்ப சட்டுனு எத்தனை சுரம் சேர்த்துத் தருவீங்க?”

“மூணு.”

“அது போதும். மிச்சத்தை நான் வாசிக்க வாசிக்கச் சேருங்க.”

மெக்கானிக் மூன்று சுரங்களைச் சேர்த்தார். மாமியார் அந்த மூன்றையே எடுத்துக்கொண்டு, மெல்ல, பிறகு வேகமாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தாளத்தில் ஓட விட்டார். மெக்கானிக் மண்டியிட்டு, பெட்டி விளிம்பில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, நகத்தால் கம்பியைச் சுண்டி, சாவியால் ஆணியை முறுக்கினார். அலை நின்றதும் தலையை ஆட்டினார். அடுத்த சுற்றில் நாலாவது சுரம் பாட்டுக்குள் வந்தது. ஐந்தாவது வந்தபோது முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழாவது வந்தபோது யாரோ கை தட்டினார்கள். அதன்பின் அவர் ஒவ்வொரு முறை தலையாட்டும்போதும் கூட்டமே அடுத்த சுரத்துக்காகக் காத்திருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியும் மெக்கானிக் துடைத்துக்கொள்ளவில்லை. மாமியாரின் சுத்திகள் அவர் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி ஓடின. ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். தலைமை டாக்டர் மேடைக்கே வந்துவிட்டார்.

“இதை எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்துதான் வாசிக்கணுமா?”

“ஆமா சார்,” என்றார் மாமியார், கொஞ்சமும் தயங்காமல். “ஒருத்தரால ஆகாது.”

டல்சிமரைக் காரின் பின்னால் ஏற்றியபோது மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “அத்தை, ஒண்ணு சொல்லணும். கீழ் வரிசையில ஆறு கம்பியை நான் தொடவே இல்ல.”

“தெரியும் மாப்பிள்ளை. அதான் நான் அந்தப் பக்கமே போகல.”

முறுக்குச் சாவியை மேடையிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வர, மெக்கானிக் புல்வெளியில் திரும்ப ஓடினார்.