முதலாளியின் முன்னங்கால்

அந்த ஜவுளி மொத்தக் கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் பின்கட்டுக் கொட்டகையில் புல் தின்றுகொண்டிருப்பார். வண்டி இழுக்கும் பழுப்புக் குதிரைக்குக் கடைக்காரர் வைத்த பெயரே முதலாளிதான். "வேளா வேளைக்குச் சாப்பாடு, மத்தியானம் தூக்கம், நாம எல்லாரும் அவளுக்குத்தான் உழைக்கிறோம். வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார். பேரத்தில் நூலளவும் இறங்காத அவருக்கும் கடைத்தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: கறார்.

அந்தக் கறாருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. முதலாளியின் நடையில் ஏதோ பிசகு. நொண்டல் என்று சொல்லிவிட முடியாது. கல் பாவிய தெருவில் டக் டக்கென்று சீராக விழும் சத்தத்தில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கி விழுந்தது. எந்தக் கால் என்று பிடிபடவில்லை. போன முறை வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா, "ஒண்ணும் தெரியலையே" என்று கையை விரித்துவிட்டார். இன்றும் தெரியாவிட்டால், படம் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்ற வேண்டும். முதலாளிக்கு லாரி என்றால் எமன். முன்பு ஒருமுறை ஏற்றியபோது மிரண்டு விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. வலிக்கிற காலோடு மறுபடியும் ஏற்றக் கறாருக்கு மனசே வரவில்லை.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

கறார் காட்டினார். காலையிலேயே பிடரியைச் சீவி, உடம்பைத் துடைத்து மினுக்கியிருந்தார். கயிற்றை வாய்க்குப் பக்கத்தில் குட்டையாகப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, முற்றத்தின் கல் தரையை விட்டு ஓரத்து மெத்தென்ற மண்ணிலேயே நடத்தினார்.

"முதுகைப் பாருங்க! இந்த வயசுல இப்படி ஒரு முதுகை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"நல்லாத்தானே நடக்கறா."

"நல்லா நடக்கலைங்க! அவளுக்கு வலிக்குதுங்க!" என்று பதறினார் கறார்.

கடையின் பின் ஜன்னலிலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, அவர் குதிரையைக் காட்டலை. விக்கறார்!"

"என்னம்மா சொல்றீங்க?"

"சரக்கை யாராவது உத்துப் பாத்தா போதும், அவர் கை தானா நல்ல பக்கத்தைத் திருப்பிடும். பிறந்ததுலேருந்தே அப்படி."

"நான் என்ன வேணும்னா செய்யறேன்?" என்று சீறிய கறார், தன் கையைப் பார்த்தார். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. தன் மோர் புளிக்கும் என்று எந்த வியாபாரி சொல்வான்?

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை வாங்கினார். "சரிங்க. இப்ப இது என் குதிரை. நீங்க வாங்க வந்திருக்கீங்க."

கயிற்றைத் தளர விட்டுக் கல் தரையில் முதலாளியை நடத்தினார். அவ்வளவுதான். கறாரின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. கண் இடுங்கியது, உதடு பிதுங்கியது.

"என்னங்க இது! இடது முன்னங்கால் தரையில பட்டா தலையைத் தூக்குது, வலது பட்டா இறக்குது. இடது பக்கமா வட்டம் போடச் சொல்லுங்க. ஆங், இன்னும் நல்லாத் தெரியுது பாருங்க!" குனிந்து குளம்பைத் தொட்டார். "வலதை விட இது சூடு. குளம்பு வளந்து லாடத்துக்கு வெளிய வழியுது. இதுகூட மாத்தாம எந்தப் பிசினாறி விட்டு வெச்சிருக்கான்?"

ஜன்னலில் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். 'இரும்பு தேயவே இல்லை, அதுக்குள்ள எதுக்குப் புதுசு?' என்று லாடக்காரரைப் போன மாதம் திருப்பி அனுப்பிய பிசினாறி யார் என்பது கறாருக்கும் அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா லாடத்தைக் கழற்றி, இடுக்கியால் குளம்பின் பின்பக்கம் அழுத்தினார். முதலாளி வெடுக்கென்று காலை இழுத்தாள். கத்தியால் மெல்லச் சீவியதும் உள்ளே செக்கச் செவேலென்று ஒரு கறை.

"ரத்தக்கட்டு. லாடம் தேயாட்டியும் குளம்பு நம்ம நகம் மாதிரி வளந்துட்டே இருக்குங்க. வளர வளர லாடம் முன்னால போயி, பின்முனை இங்க அழுத்தியிருக்கு. ஓய்வு குடுங்க, லாடக்காரரைக் கூப்பிட்டுக் குளம்பைச் சீவுங்க. சரியாயிடும்."

"லாரி?"

"லாரியெல்லாம் வேணாம்."

கறார் முதலாளியின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அவளோ அவர் சட்டைப் பையில் ஏதாவது தேறுமா என்று மூக்கால் துழாவினாள்.

"அதிருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "என் குதிரைக்கு இத்தனை குறை சொன்னீங்களே, என்ன விலைக்குக் கேக்கறீங்க?"

கறார் தலையைத் தூக்கவில்லை. "நீங்க சொல்றதுதாங்க விலை."

ஜன்னலில் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை வீட்டம்மா கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கறார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கழற்றிய லாடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, லாடக்காரருக்குப் போன் போடு. நாலு காலுக்கும் புதுசு அடிக்கணும், உடனே வரச் சொல்லு." ஒரு கணம் தயங்கினார். "அப்படியே, பழசை எடுத்துக்கிட்டு ஏதாவது குறைப்பாரான்னும் கேளு. இரும்பு தேயவே இல்லைன்னு சொல்லு."