கேட்டுப் படிக்கிற பிள்ளை

ஜெனெல் இரண்டு பெட்டிகளின் மேலும் பெட்டிக்கொரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். இடது கையின் கீழே பாட்டாகவே எழுத்துகளைச் சொல்லித்தரும் குறுந்தகடுகள். வலது கையின் கீழே மர எழுத்துகளும் விரலால் எழுதிப் பழக ஒரு மணல் தட்டும். ஒன்றிலிருந்து கையை எடுத்தால் பின்னால் நிற்கும் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் பழைய பாடப்புத்தகங்களை விற்றுப் புதியவற்றைத் தேட, வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை இந்தத் தேவாலயத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் கூடுவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தாய் அடுத்த வருஷத்தைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். கூடத்தில் காப்பி வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்திருந்தன. ஓரத்துப் படிவரிசையில் அவள் மகள் ஹேட்டி, சர்க்கரைத் தூள் அப்பிய டோனட்டைத் தின்றபடி காலாட்டிக்கொண்டிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெக்கா. ஐந்து பிள்ளைக்காரி. வியாழக்கிழமைதோறும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூங்காவில் கூடும் தாய்மார்களில், எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள்.

"கண்ணால படிக்கிற பிள்ளை ஒண்ணு, காதால படிக்கிறது ஒண்ணு, கையால தொட்டாத்தான் ஏறும்னு ஒண்ணு. தப்பான பொட்டிய வாங்கினேன்னு வை, ஒரு வருஷம் போச்சுடி."

ஜெனெல் பயந்தது அந்த ஒரு வருஷத்துக்குத்தான். பென்சில்வேனியா சட்டப்படி, ஜூன் மாதமானால் ஓர் ஆசிரியை வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்காரவைத்துப் பேசிப் பார்த்து, தேறியிருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷம் வந்தவர் ஹேட்டி வரைந்த படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். இந்த வருஷம் வேறொருவர் வருகிறார். தானே ஒரு புத்தகம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வாராம். அவள் கணவன் கர்டிஸ், பால் லாரி ஓட்டுபவன், அதிகம் பேசாதவன். அந்தம்மா சரியில்லை என்று சொன்னால் ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பிள்ளை பஸ் ஏறட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். முதல் வகுப்பில் ஹேட்டி தினமும் அந்த மஞ்சள் பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தியெடுத்ததை அவன் பார்த்ததில்லை. அவன் லாரி அந்நேரம் எங்கோ ஒரு பண்ணையில் நின்றுகொண்டிருக்கும்.

ஆனாலும் இந்த முறை ஜெனெலிடம் கொஞ்சம் தைரியம் இருந்தது. வாங்கிப்போட்ட பாடங்கள் ஒவ்வொன்றாய்த் தோற்று அலமாரியில் அடுக்கப்பட்ட பிறகு, குளிர் குறையத் தொடங்கியபோது ஒரு நரிக்கதைப் புத்தக வரிசை வந்து சேர்ந்தது. தாய் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு பிள்ளை வாசிக்க வேண்டும். ஹேட்டி வாசித்தாள். கர்டிஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று கேட்டான். மறுநாளே ஒஹையோவில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். வாசிப்பு எட்டு வயதில் வந்தால் என்ன, வந்துவிட்டதே.

ஜெனெல் இதைச் சொல்லக் கேட்ட பெக்கா, அப்படியென்றால் காதால் படிக்கிற பிள்ளைதான் என்றாள். எதற்கும் இங்கே ஒரு பக்கம் வாசிக்கட்டும், எங்கே திக்குகிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன் என்று குவியலுக்கு அடியிலிருந்து அதே நரிக்கதையை உருவினாள். பழைய பதிப்பு. அட்டை வெளுத்திருந்தது.

ஜெனெல் பெருமையோடு மகளைக் கூப்பிட்டாள். ஹேட்டி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கினாள். படத்தில் நரி மரப்பாலத்தின் மேல் நின்றது. அவள் விரலை வரியின் கீழே வைத்து, நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். நரி பாலத்தைக் கடந்தது, பாலம் ஈரமாக இருந்தது, நரி வழுக்கி விழவில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஜெனெலின் கண், விரலுக்கு மேலே இருந்த வரியில் நின்றது. அந்தப் பக்கத்தில் ஈரம் என்ற சொல்லே இல்லை. அது வீட்டில் இருக்கும் புதிய பதிப்பின் வரி; இந்தப் பழைய பதிப்பில் நரி பாலத்தின் மேல் நின்று தன் தம்பியைக் கூப்பிடுகிறது. ஹேட்டியின் விரல் வரி முடிந்த பிறகும் வெறும் காகிதத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

பெக்காவும் பார்த்துவிட்டாள். புத்தகத்தை மெல்ல வாங்கி மூடிவிட்டு, பக்கத்தில் நின்ற வேறொரு பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஜெனெல் இரண்டு பெட்டிகளையும் விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரில் ஏறி உட்கார்ந்தும் சாவியைப் போடவில்லை. கோபமாகக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஹேட்டி கேட்டாள்.

"தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"அது வேற கதை கண்ணு. அந்தப் பக்கத்துல வேற எழுதியிருந்துச்சு."

ஹேட்டி சீட் பெல்ட்டின் ஓரத்தைச் சுருட்டினாள். "நீ ஒரு தடவ வாசிப்பல்ல, அப்பவே எல்லாம் மனசுல நின்னுடும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் வாசிச்ச அன்னிக்கு நீ பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினே. நீ பாடி நான் கேட்டதே இல்ல."

இத்தனை நாளாக ஜெனெல், இந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும், கண்ணாலா காதாலா என்று தேடி அலைந்துகொண்டிருந்தாள். பிள்ளையோ அவளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் முகம் எப்போது சுருங்கும், எப்போது விரியும் என்று ஒரு வரி விடாமல்.

போன் அடித்தது. கர்டிஸ். என்ன வாங்கினாய் என்று கேட்டான். பாட்டுப் பெட்டி என்று சொல்லிவிடலாம். ஜூன் வரை சமாளிக்கலாம். ஜெனெல் கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தாள். அது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வாங்கல. அவளுக்கு இன்னும் வாசிக்க வரல கர்டிஸ். எல்லாம் மனப்பாடம்."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் மட்டும் உறுமியது.

"பிள்ள அழறாளா?"

"இல்ல."

"நீ?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று அவன் போனை வைத்தான். அந்தக் குரலில் ஆகஸ்ட் இருந்ததா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வண்டிகள் நிறுத்தும் இடத்தின் முனையில், தேவாலயத்தின் அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒருவர் நீளமான கம்போடு நின்று, நாளைய பிரசங்கத்தின் தலைப்பை எழுத்து எழுத்தாக மாட்டிக்கொண்டிருந்தார். ஹேட்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"அது என்ன எழுத்தும்மா?"

ஜெனெல் சொன்னாள். ஹேட்டி அடுத்ததையும் கேட்டாள், அவள் அதையும் சொன்னாள். மூன்றாவதை ஹேட்டி கேட்கவில்லை. ஜன்னல் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, தானே சொல்லிப் பார்ப்பதுபோல உதடுகளை அசைத்தாள். கம்பின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு எழுத்து காற்றில் ஆடிக்கொண்டே மேலே போனது. அது பலகையில் போய் உட்காரும்வரை ஜெனெல் வாயைத் திறக்கவில்லை.